உறைகரு சிகிச்சை: பலிப்பது எத்தனை பேருக்கு, இரட்டைக் குழந்தையில் என்ன ஆபத்து? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டை எடுத்தாயிற்று. கருக்கள் ஆய்வகத்தில் உறைநிலையில் இருக்கின்றன. அடுத்த மாதம் டிரான்ஸ்ஃபர், அதாவது கருவைக் கருப்பைக்குள் வைப்பது, என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் தம்பதிகளுக்குக் கேள்விகள் குவியும். எத்தனை கரு வைப்பது, எவ்வளவு வாய்ப்பு, இரட்டையாக நின்றால் நல்லதுதானே என்று அடிக்கடி வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

உறைகரு சிகிச்சையில் என்னதான் நடக்கிறது?

முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்க்கும் ஐவிஎஃப், அல்லது ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் உருவான கருவை முட்டை எடுத்த அதே சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தால் அது ஃப்ரெஷ் டிரான்ஸ்ஃபர். அதையே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, வேறொரு மாதம் உருக்கி வைத்தால் எஃப்இடி, அதாவது உறைகரு மாற்று. ஒருமுறை முட்டை எடுத்ததில் ஐந்தாறு கரு கிடைத்தால், ஊசியும் மயக்க மருந்தும் மறுபடி இல்லாமல் பல மாதங்களில் முயன்று பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

இது புது வித்தை அல்ல. உறைகருவால் கர்ப்பம் தரித்ததாக ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து 1983இல் அறிக்கை வந்தது. 1984இல் அங்கே குழந்தையும் பிறந்தது. அதற்கும் முன்பே, 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்த குழந்தை, 53 நாள் உறைய வைத்த கருவிலிருந்து உருவானது என்று டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் சொன்னார். அவர் உயிரோடு இருந்தவரை அரசு அதை ஏற்கவில்லை.

ஃப்ரீஸரில் வைத்தது என்றாலே தரம் குறைந்துவிடாதா?

பழைய முறையில் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. கருவை மெல்ல மெல்லக் குளிரவைக்கும்போது செல்லுக்குள் பனிப்படிகம் உருவாகி, ஊசிபோல் குத்திக் கிழித்துவிடும். நாலில் ஒரு கரு உருக்கும்போதே போய்விடுவது சாதாரணம்.

இன்று எல்லா நல்ல ஆய்வகங்களிலும் விட்ரிஃபிகேஷன் என்ற அதிவேக உறைமுறைதான். முதலில் உறைகாப்பு இரசாயனங்களான எத்திலீன் கிளைக்காலும் டிஎம்எஸ்ஓவும் தலா 7.5 சதவீதம் கலந்த திரவத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் கரு ஊறும். பிறகு தலா 15 சதவீதமும் சர்க்கரையும் சேர்ந்த அடர்ந்த திரவத்துக்கு மாற்றுவார்கள். இங்கே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இருந்தால் அந்த இரசாயனமே கருவுக்கு நஞ்சு. அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் இழையின் நுனியில் கண்ணுக்கே தெரியாத ஒரு துளியோடு கருவை ஏற்றி, நேராகத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்திவிடுவார்கள். நிமிடத்துக்குப் பல ஆயிரம் டிகிரி வேகத்தில் குளிர்வதால், படிகமாக நேரமே இல்லாமல் தண்ணீர் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. உருக்கும்போது எல்லாம் தலைகீழ்: 37 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் சர்க்கரைக் கரைசல், பிறகு படிப்படியாக நீர்த்த கரைசல்கள். கைதேர்ந்த ஆய்வகத்தில் நூறு பிளாஸ்டோசிஸ்ட்டுகளில் (ஐந்தாம் நாள் கருக்களில்) 95க்கு மேல் பிழைக்கும். உங்கள் மையத்தின் இந்த எண் 90க்குக் கீழே என்றால், காரணம் கேட்க வேண்டியது உங்கள் உரிமை.

ஃப்ரெஷ்ஷா, ஃப்ரோஸனா? எதில் வெற்றி அதிகம்?

எல்லோருக்கும் ஃப்ரோஸன்தான் சிறந்தது என்று சில மையங்களில் சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் உடல்நிலையைப் பொறுத்து பதில் மாறும்.

சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகளோடு மாதவிலக்கு ஒழுங்கற்றுப் போகும் பிசிஓஎஸ் உள்ள 1508 பெண்களிடம் சீனாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உறைகருவில் 49.3 சதவீதமும் ஃப்ரெஷ்ஷில் 42 சதவீதமும் குழந்தைப் பிறப்பு. அதைவிட முக்கியம், சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஓஎச்எஸ்எஸ் தொல்லை 7.1 சதவீதத்திலிருந்து 1.3 ஆகக் குறைந்தது. ஆக, பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு முழுவதையும் உறைய வைப்பது தெளிவான முடிவு.

மாதவிலக்கு ஒழுங்காக வரும் 2157 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான இன்னொரு சீன ஆய்வில் உறைகருவில் 48.7, ஃப்ரெஷ்ஷில் 50.2 சதவீதம், வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். அதே ஆண்டு வியட்நாமிலிருந்து, பிசிஓஎஸ் இல்லாத 782 பேரிடம் நடந்த ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. ஆனால் ஒரே ஒரு பிளாஸ்டோசிஸ்ட் வைத்த 1650 பேரின் 2019 ஆய்வில் உறைகரு 50 சதவீதம், ஃப்ரெஷ் 40 சதவீதம் என்று முந்தியது. முட்டை வளர்க்கப் போட்ட ஊசிகளின் சூடு தணிந்து, அமைதியான கருப்பையில் கரு இறங்குவது காரணமாக இருக்கலாம்.

"எங்கள் மையத்தில் 70 சதவீத வெற்றி" என்கிறார்களே, நம்பலாமா?

எண் பொய்யாக இருக்காது. எதை எதால் வகுத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

100 பெண்கள் உறைகரு மாற்றுக்கு மருந்து தொடங்குகிறார்கள். 8 பேருக்குக் கருப்பையின் உட்சுவரான லைனிங் சரியாக வளராமல் அந்த மாதம் நிறுத்தம். 92 பேருக்குக் கரு உருக்கப்படுகிறது. 2 பேருக்கு ஒன்றுமே பிழைக்கவில்லை. 90 பேருக்கு டிரான்ஸ்ஃபர். 54 பேருக்கு ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி பாசிட்டிவ். அதில் 9 பேருக்கு எண் ஏறாமல் சில நாளில் மாதவிலக்கு வந்துவிடுகிறது. 45 பேருக்கு ஸ்கேனில் இதயத்துடிப்பு. அவர்களில் 7 பேருக்குப் பிறகு கருச்சிதைவு. கடைசியில் குழந்தையோடு வீடு போகிறவர்கள் 38 பேர்.

இதே மையம் வெற்றி விகிதத்தை 60 என்றும் சொல்லலாம், 50 என்றும் சொல்லலாம், 42 என்றும் சொல்லலாம், 38 என்றும் சொல்லலாம். நாலும் உண்மை. விளம்பரப் பலகையில் ஏறுவது எது என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு வழியும் உண்டு: ஒருவருக்கு மூன்று கரு வைத்தால் பாசிட்டிவ் விகிதம் ஏறும், கூடவே இரட்டையும் மூன்றும் ஏறும். அதனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "என் வயதில், உறைகருவில், ஒரே ஒரு கரு வைத்து, டிரான்ஸ்ஃபர் செய்த 100 பேரில் எத்தனை பேருக்கு உயிருடன் குழந்தை பிறந்தது? அதில் எத்தனை இரட்டை?"

எத்தனை பேரிடம் கணக்கெடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். 20 பேரில் 12 பேருக்கு நின்றது, ஆகவே 60 சதவீதம் என்றால், அந்த மையத்தின் உண்மையான விகிதம் 36 முதல் 81 வரை எதுவாகவும் இருக்கலாம். புள்ளியியல் கணக்கு அப்படித்தான் வரும்.

என் வயது 39. கரு உறைய வைத்தது 34 வயதில். எந்த வயதைக் கணக்கில் எடுப்பது?

34ஐத்தான். கருவின் தரம் முட்டை எடுத்த நாளின் வயதோடு நின்றுவிடுகிறது. உறைநிலையில் அதற்கு வயது ஏறுவதில்லை. கர்ப்பகாலத்து ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தாயின் பக்கத்து ஆபத்துகளுக்கு மட்டும் 39தான் கணக்கு.

பிரிட்டனின் கருத்தரிப்பு ஒழுங்குமுறை அமைப்பான எச்எஃப்இஏ வெளியிடும் தேசியக் கணக்கில், 35க்குக் கீழே சொந்த முட்டையில் ஒரு கரு வைத்தால் மூன்றில் ஒருவருக்கு என்ற அளவில் குழந்தை பிறக்கிறது. 43, 44 வயதில் அது நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. வயது ஏற ஏற முட்டையில் குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறு கூடுவதே காரணம்.

டே 3 கருவா, டே 5 கருவா? 4ஏஏ, 3பிபி என்றெல்லாம் எழுதியிருக்கிறதே?

டே 3 கரு எட்டுச் செல் அளவில் இருக்கும். டே 5 என்பது நூறு செல் தாண்டிய, நடுவில் நீர் நிரம்பிய பிளாஸ்டோசிஸ்ட். ஐந்தாம் நாள் வரை வளராமல் நின்றுபோகும் கருக்கள் வழியிலேயே கழிந்துவிடுவதால், மிஞ்சியதில் ஒரு கருவுக்கான வாய்ப்பு கூடுதல். ஒரே கரு வைப்பதற்கு டே 5தான் தோது.

எண்ணும் எழுத்தும் இப்படி: முதல் எண் கரு எவ்வளவு விரிந்திருக்கிறது (1 முதல் 6). அடுத்த எழுத்து குழந்தையாகப் போகும் உள்செல் திரள். கடைசி எழுத்து நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்செல்கள். 4ஏஏ நல்ல மதிப்பெண். 3பிபியில் பிறந்த குழந்தைகள் ஏராளம். சி எழுத்து வந்தால் வாய்ப்பு குறைவு. ஆனாலும் சுழி இல்லை.

டிரான்ஸ்ஃபருக்கு முன் என்ன மருந்து, எத்தனை நாள்?

இரண்டு பாதை உண்டு. ஹார்மோன் மாத்திரைப் பாதையில், மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் ஸ்கேன் பார்த்துவிட்டு எஸ்ட்ராடியால் வேலரேட் 2 மில்லிகிராம் மாத்திரை, பெரும்பாலும் நாளைக்கு மூன்று வேளை. 10 முதல் 14 நாளில் மறுபடி ஸ்கேன். லைனிங் 7 மில்லிமீட்டராவது இருந்து, மூன்று கோடாகத் தெரிந்தால் புரோஜெஸ்டிரான் தொடங்கும். பிறப்புறுப்பு வழி மாத்திரை என்றால் 400 மில்லிகிராம் இரு வேளை என்பது பரவலான அளவு. தசை ஊசியாகவும் போடுவார்கள். பிளாஸ்டோசிஸ்ட்டுக்குப் புரோஜெஸ்டிரான் ஐந்து முழு நாள் ஓடியிருக்க வேண்டும், டே 3 கருவுக்கு மூன்று நாள். கருவின் வயதும் லைனிங்கின் வயதும் ஒத்துப்போக வேண்டும் என்பதே கணக்கு. பாசிட்டிவ் வந்தால் 10 முதல் 12 வாரம் வரை இந்த மருந்தை நிறுத்தக் கூடாது. இந்தப் பாதையில் உங்கள் சினைப்பை ஹார்மோன் சுரப்பதில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் கர்ப்பமும் கலைந்துவிடும்.

இயற்கைச் சுழற்சிப் பாதையில் உங்கள் முட்டை தானே வளர்ந்து வெடிக்கும்வரை ஸ்கேனில் கவனித்து, அதிலிருந்து நாள் எண்ணுவார்கள். மாத்திரை குறைவு, ஸ்கேனுக்கு அலைச்சல் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை டிரான்ஸ்ஃபர் விழுந்தால் மையத்துக்குச் சங்கடம் என்பதாலும் பல இடங்களில் மாத்திரைப் பாதையையே தருகிறார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்கள் இயற்கைப் பாதை முடியுமா என்று கேட்பது நல்லது. ஏன் என்பது கீழே ரத்த அழுத்தக் கேள்வியில் வரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஏன் தவறுகிறது?

பாதிக்கு மேல் காரணம் கருவுக்குள்ளேயே, குரோமோசோமில் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும் கருவிலும் அது இருக்கலாம். மீதியில் சரிசெய்யக் கூடியவை சில. கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் அது கருப்பைக்குள் கசிந்து கருவைக் கெடுக்கும். முன்னதாகவே குழாயை அடைத்து அல்லது எடுத்துவிட வேண்டும். கருப்பைக்குள் துருத்தும் நார்க்கட்டி, பாலிப். ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் போதாமை: டிரான்ஸ்ஃபர் சமயத்தில் மில்லிலிட்டருக்கு 9, 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் வெற்றி குறைவதாகப் பார்த்திருக்கிறார்கள், ஊசி சேர்த்துச் சரிக்கட்டலாம். மாத்திரை வேளை தப்புவது, கல்யாணம் காட்சி என்று வெளியூர் போய் இரவு மாத்திரை விட்டுப்போவது. சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் இல்லை.

படுத்தே இருந்தால் நிற்கும் என்பது மட்டும் வீண். கரு உருண்டு விழாது. டிரான்ஸ்ஃபர் முடிந்து எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம்.

இரண்டு கரு வைத்தால் வாய்ப்பு இரண்டு மடங்குதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு கரு நிற்க 40 சதவீத வாய்ப்பு என்று வைப்போம். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் நூறு பேரில் 36 பேருக்கு இரண்டுமே நிற்காது. 48 பேருக்கு ஒன்று நிற்கும். 16 பேருக்கு இரண்டும் நிற்கும். ஆக 64 பேருக்குக் கர்ப்பம். அதில் 16 பேர், நாலில் ஒருவர், இரட்டை சுமக்கிறார்.

இப்போது அதே இரண்டு கருவை ஒவ்வொன்றாக வையுங்கள். முதல் மாதம் 40 பேருக்கு நிற்கும். நிற்காத 60 பேருக்கு இரண்டாவதை வைத்தால் அதில் 24 பேருக்கு நிற்கும். மொத்தம் அதே 64. இரட்டை கிட்டத்தட்ட இல்லை. தவிர, முதலிலேயே நின்ற 40 பேருக்கு இன்னொரு கரு கையிருப்பில் இருக்கிறது, அடுத்த குழந்தைக்கு.

காகிதக் கணக்கு மட்டுமல்ல. 36 வயதுக்குட்பட்ட 661 பெண்களிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவுக்கு இரண்டு கரு ஒரே நேரத்தில். மறு பிரிவுக்கு ஒரு கரு, நிற்காவிட்டால் உறைய வைத்த இன்னொரு கரு. குழந்தை பிறந்தது முறையே 42.9, 38.8 சதவீதம். பிறப்புகளில் பல்பிரசவம் முறையே 33.1 சதவீதம், 0.8 சதவீதம். நாலு சதவீத வித்தியாசம் ஏன் என்றால், ஒரு கரு உருக்கும்போது இழக்கப்படலாம், அன்றைய உறைமுறையும் பழையது. இரட்டை நம் கணக்கைவிட அதிகமாக வந்ததற்கும் காரணம் உண்டு: நல்ல கரு, நல்ல கருப்பை வாய்த்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நிற்கும். அதாவது, வாய்ப்பு அதிகம் உள்ள இளம் பெண்ணுக்குத்தான் இரட்டையாகும் ஆபத்தும் அதிகம்.

இந்தக் கணக்கை நம்பி நாடுகளே கொள்கை வகுத்தன. ஸ்வீடன் 2003இல் ஒரு கருவையே வழக்கமாக்கியது. பிரிட்டனில் 1990களில் ஐவிஎஃப் பிரசவங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் பல்பிரசவம். ஒவ்வொன்றாக வைக்கும் இயக்கத்துக்குப் பிறகு 2019இல் அது 6 சதவீதம். இத்தனைக்கும் வெற்றி விகிதம் அந்தக் காலத்தில் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

ஒரே பிரசவத்தில் இரண்டு பிறந்தால் செலவும் மிச்சம், குடும்பமும் முடிந்தது. அதில் என்ன கெடுதல்?

ஆண்டுக்கணக்கில் ஏங்கியவர்களுக்கு இந்த ஆசை இயல்பு. மாமியார் வீட்டிலும் "ரெண்டா வச்சிடுங்க டாக்டர்" என்பார்கள். கெடுதல் இருப்பது குறைமாதத்தில்.

ஒற்றைக் குழந்தை 39 வாரத்தை ஒட்டிப் பிறக்கிறது. இரட்டை சராசரியாக 35, 36 வாரத்தில். பாதிக்கு மேல் 37க்கு முன்பே. மூன்று என்றால் 32 வாரத்தை ஒட்டி. 30 வாரத்தில் பிறக்கும் குழந்தை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இருக்கும். நுரையீரல் விரிவதற்கு சர்ஃபாக்டன்ட் மருந்து, மூச்சுக்கு உதவ மூக்கில் சிபாப் குழாய், உறிஞ்சிக் குடிக்கத் தெரியாததால் வயிற்றுக்குக் குழாய் வழியே சில மில்லிலிட்டர் தாய்ப்பால், கண் விழித்திரைக்குப் பரிசோதனை. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவில் இரண்டு இன்குபேட்டர், இரண்டு பில். சிகிச்சையில் மிச்சம் பிடித்த பணம் அங்கே சில நாளில் போய்விடும். மூளைவாதம் இரட்டையரில் ஒற்றையைவிட நாலைந்து மடங்கு அதிகம். மூன்று என்றால் அதற்கும் மேலே.

தாய்க்கு ரத்த அழுத்தம், ரத்தசோகை, கர்ப்பகாலச் சர்க்கரை, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு எல்லாமே கூடும். உயரம் குறைந்தவர், ஏற்கெனவே சிசேரியன் ஆனவர், இதயக் கோளாறு உள்ளவர், கருப்பையின் அமைப்பே வேறுபட்டவர் என்றால் இரண்டு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

நல்லபடியாகப் பிறந்து ஓடி விளையாடும் இரட்டையர்கள் தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கிறார்கள்தான். இருபத்தெட்டாம் வாரத்தில் பிறந்து தங்காமல் போனவர்களைத் தெருவில் பார்க்க முடியாது.

ஒரு கருதான் வைத்தார்கள், ஸ்கேனில் இரண்டு தெரிகிறது. எப்படி?

ஒரே கரு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இயற்கையில் ஆயிரத்துக்கு நாலு; பிளாஸ்டோசிஸ்ட் வைத்தால் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்ற அளவில். பெரும்பாலும் இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி. அதனால் ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் பாயும் டிடிடிஎஸ் என்ற சிக்கல் இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தில் வரும். 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம். ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா என்பதை 11 முதல் 14 வார ஸ்கேனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

இன்னொரு அபூர்வ வழியும் உண்டு. இயற்கைச் சுழற்சியில், குழாய் திறந்திருக்கும் பெண்ணுக்கு, அந்த மாதம் வெடித்த முட்டையும் தானாகக் கருவாகிவிடலாம். முட்டை வெடிக்கும் நாட்களில் தாம்பத்தியம் வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

பீட்டா மிக அதிகமாக வந்திருக்கிறது, இரட்டைதானே?

எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஒற்றைக்கும் அதிகமாக வரும், இரட்டைக்கும் குறைவாக வரும். ஆறரை ஏழு வார ஸ்கேன்தான் பதில். அப்போது இரண்டாகத் தெரிந்து, பத்தாம் வாரத்தில் ஒன்று தானே கரைந்துபோவதும் சகஜம்.

மூன்று நின்றுவிட்டால் ஒன்றைக் குறைத்துவிடலாம் என்கிறார்களே?

முடியும். பெரும்பாலும் 11 முதல் 13 வாரத்தில், ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகப் பொட்டாசியம் குளோரைடு செலுத்தி ஒரு சிசுவின் துடிப்பை நிறுத்துவார்கள். முழுக் கர்ப்பமும் கலையும் அபாயம் சிறிதளவு இருக்கிறது. வைத்த இரண்டு கருவில் ஒன்று இரண்டாகப் பிரிந்து மூன்றாகியிருந்தால், அந்த ஒரே நஞ்சுக்கொடி ஜோடியில் ஒருவருக்கு இந்த ஊசி போட முடியாது. பகிர்ந்த ரத்தக்குழாய் வழியே மருந்து மற்றவரையும் கொன்றுவிடும். ஏங்கிப் பெற்ற கர்ப்பத்தில் இந்த முடிவை எடுக்கும் தம்பதியின் வேதனை சொல்லி மாளாது. இந்த வாய்ப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் மூன்று கரு வைப்பது தவறு.

அப்படியானால் இரண்டு வைப்பது எப்போதுமே தவறா?

எப்போதும் இல்லை. 40ஐ ஒட்டிய வயதில் எடுத்த முட்டை, டே 3 கரு மட்டுமே இருப்பது, நல்ல கருக்கள் வைத்தும் பல முறை தவறியது என்றால் இரண்டு பற்றிப் பேசலாம். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. குரோமோசோம் சோதித்து நலமென்று தெரிந்த கரு என்றால் எந்த வயதிலும் ஒன்றே என்பது அமெரிக்கக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல். இந்தியாவில் 2022 வாடகைத்தாய் விதிகளும் வழக்கமாக ஒரு கரு, சிறப்புச் சூழலில் மட்டும் மூன்று வரை என்கின்றன. சேர்க்கிற இரண்டாவது கரு தரம் குறைந்தது என்றால் பெரிய பயனில்லை. "சும்மா கிடப்பதற்கு அதையும் வைப்போம்" என்பது காரணம் ஆகாது.

குரோமோசோம் சோதனை, அதாவது பிஜிடி-ஏ செய்தால் வெற்றி உறுதியா?

மூன்று நல்ல பிளாஸ்டோசிஸ்ட்டாவது கிடைத்த 1212 பெண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் சோதனை செய்தவர்களில் 77.2 சதவீதம், செய்யாதவர்களில் 81.8 சதவீதம் பேருக்குக் குழந்தை. இளம் வயதில் செலவுக்கேற்ற பலன் இல்லை. வயது கூடியவர்கள், அடிக்கடி கலைகிறவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவிலேயே பாலினம் பார்ப்பதும் குற்றம்.

ஒற்றைக் குழந்தையாகவே இருந்தாலும் உறைகருவில் தனி ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு. அதிகம் சொல்லப்படாத ஒன்று. உறைகருக் குழந்தைகள் ஃப்ரெஷ் கருக் குழந்தைகளைவிடச் சற்று எடை கூடிப் பிறக்கின்றன. அது ஓரளவு நல்லதே. ஆனால் தாய்க்கு ப்ரீஎக்ளாம்சியா என்ற ரத்த அழுத்தச் சிக்கல் அதிகம். மேலே சொன்ன 2016 ஆய்வில் உறைகருவில் 4.4, ஃப்ரெஷ்ஷில் 1.4 சதவீதம்; 2019 ஆய்வில் 3.1க்கு 1. முட்டை வெடித்த இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம், ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ரிலாக்ஸின் போன்றவற்றைச் சுரக்கிறது. மாத்திரைப் பாதையில் முட்டை வெடிப்பதே இல்லை, அதனால் அது கிடைப்பதில்லை. இயற்கைப் பாதையைக் கேட்டுப் பாருங்கள் என்றது இதனால்தான். எந்தப் பாதையானாலும் 12ஆம் வாரத்தில் ஆஸ்பிரின் சிறு அளவில் தேவையா என்று கேளுங்கள். கடைசி மூன்று மாதம் வீட்டிலேயே பிபி கருவி இருக்கட்டும். 140க்கு 90 தொட்டால், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் அன்றே மருத்துவமனை.

உறைய வைக்கும் முன் ஆய்வகத்திடம் சொல்லிவைக்க வேண்டியது ஏதாவது?

ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாமலே போகிறது: கருவை ஏற்றி உறைய வைக்கும் பிளாஸ்டிக் இழையான ஸ்ட்ரா ஒன்றுக்கு ஒரு கரு. சில இடங்களில் இரண்டு டே 3 கருக்களை ஒரே ஸ்ட்ராவில் ஏற்றிவிடுவார்கள். பிறகு ஒன்று போதும் என்று நீங்கள் சொன்னாலும், உருக்கினால் இரண்டும் உருகும். மறுபடி உறைய வைக்கலாம், ஆனால் கருவுக்கு அது இன்னொரு அடி. கடைசியில் "சரி, ரெண்டையும் வச்சிடலாம்" என்றாகிவிடும். இரட்டைப் பிரசவங்களில் சில இப்படித்தான் தீர்மானமாகின்றன, முட்டை எடுத்த வாரத்திலேயே. எத்தனை கரு, எந்த நாள் கரு, என்ன தரம், எத்தனை ஸ்ட்ரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்? மிஞ்சிய கரு என்னாகும்?

உயிரியல் ரீதியாக எல்லை இல்லை. 1992 ஏப்ரலில் அமெரிக்காவில் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022 அக்டோபரில் குழந்தைகள் பிறந்தன. அதுவும் இரட்டை, மூன்று கரு வைத்ததால். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 25 அன்று, பத்து ஆண்டு என்று எல்லை வைத்திருக்கிறது. அதன்பின் அழிய விடலாம், அல்லது உங்கள் எழுத்துச் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தரலாம். சிகிச்சைக்கான உச்ச வயது பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. கரு உறைய வைப்பது, ஐவிஎஃப் செய்ய அனுமதிக்கும் நிலை 2 பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே. பதிவுச் சான்றிதழ் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுச் சேமிப்புக் கட்டணத்துக்கு நினைவூட்டல் வரும் கைபேசி எண் மாறினால் மையத்துக்குத் தெரிவித்து, மாற்றியதற்கு ரசீதோ மின்னஞ்சலோ வாங்கி வையுங்கள்.